தடைக்காலத்தில் விசைப்படகு என்ஜினைத் துருவிடமிருந்து காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்பு அது 45 நாளாக இருந்தது. ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி, மூக்கையூர் என்று ராமநாதபுரம் கரை நெடுக விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் காலம் இது. பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். என்ஜினை மட்டும் ‘ஓடாமல் நிற்பதற்கு என்ன வந்துவிடப் போகிறது’ என்று விட்டுவைப்பார்கள். உண்மையில் ஓடும் என்ஜின் சூடாக இருக்கிறது. அதன் உள்ளே ஆயில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. துரு ஒட்ட வழியில்லை. நிற்கும் என்ஜினுக்கு இந்த இரண்டு காவலும் கிடையாது.

படகு கட்டிய முதல் இரண்டு நாளில் செய்யும் வேலைதான் 61 நாளும் என்ஜினைக் காக்கிறது என்பது என் கருத்து. அந்த இரண்டு நாளைக் கோட்டைவிட்டவர் பிறகு வாரம் தவறாமல் வந்து என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்தாலும் பயனில்லை. பல நேரம் அதுவே கெடுதலாக முடியும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். தடைக்காலத்துக்கு என்று எழுதினாலும் வேலைநிறுத்தம், புயல் எச்சரிக்கை, கடன், வழக்கு என்று எந்தக் காரணத்தால் படகு நின்றாலும் முறை ஒன்றுதான்.

நம் கரையில் துருவுக்கு ஏன் இவ்வளவு வேகம்?

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையத்தை நடத்துகிறது. உலோகத்தைச் சோதிக்க இதைவிடக் கடுமையான இடத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஆயுள் முழுவதும் துருவோடுதான் போராட்டம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன.

காரணம், காற்றின் ஈரம் மட்டுமல்ல. சுத்தமான இரும்பு, காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால்தான் வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். உப்புப் படிந்த இரும்புக்கு அந்தச் சலுகை கிடையாது. கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு, ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். அதாவது உப்புப் படிந்த உலோகம் நம் கரையில் ஒருநாளும் காய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று எப்போதும் அதன்மேல் இருந்துகொண்டே இருக்கும். வாலிநோக்கத்தில் உப்பு விளைவிக்கும் அதே வெயிலும் காற்றும்தான் என்ஜினைக் குளிர்விக்கும் கூலரின் குழாய்க்குள் தேங்கிய கடல்நீரையும் வற்ற வைக்கின்றன. தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் உப்பை வெளியேற்ற வேண்டும், பிறகு உலர்த்த வேண்டும், கடைசியில்தான் ஆயிலும் கிரீஸும். உப்பின்மேல் கிரீஸ் பூசுவது துருவை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம். நம் கரையில் அதிகம் நடப்பதும் அதுதான்.

முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

புதிய என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், இன்ஹிபிட்டர் (துருத்தடுப்பு மருந்து) கலந்த கூலன்ட், தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும் ஜிங்க் (துத்தநாக) துண்டுகள், கிரீஸ், உலோகத்தின் மேல் மெழுகுபோல் படியும் துருத்தடுப்பு ஸ்பிரே, கெட்டியான பாலித்தீன் தாள், நல்ல ஒட்டுநாடா. இவற்றோடு இரண்டு சிறு கருவிகள்: நீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் ஒன்று, ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர் ஒன்று. இரண்டும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தடை தொடங்கிய பிறகு கடைக்கு ஓடினால் அந்த முக்கியமான இரண்டு நாளும் கடையிலேயே கழிந்துவிடும்.

கடைசி நடை முடிந்து கரைக்கு வந்த அன்றே: ஆயில்

என்ஜினை அணைத்த சூட்டோடு, அரை மணி நேரத்துக்குள் பழைய ஆயிலை வடியுங்கள். சூடான ஆயில் கரியையும் நீரையும் தன்னோடு கலந்து வைத்திருக்கும். ஆறிவிட்டால் அவை சம்பின் (ஆயில் தொட்டியின்) அடியில் படிந்து அங்கேயே நின்றுவிடும். ‘இரண்டு மாதம் சும்மா நிற்கப்போகிற என்ஜினுக்குப் புது ஆயில் எதற்கு, ஜூனில் மாற்றிக்கொள்ளலாம்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. தலைகீழ்க் கணக்கு அது. பழைய ஆயிலில் எரிபொருள் எரிந்ததால் வந்த அமிலமும் நீரும் கலந்திருக்கின்றன. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான் என்பதால் கந்தக அமிலத்தின் தொல்லை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. நீரும் மற்ற அமிலங்களும் குறையவில்லை. கிராங்க் ஷாஃப்டின் வழவழப்பான பகுதிகளும் பேரிங்குகளும் இரண்டு மாதம் அந்தக் கலவையில் ஊறிக் கிடக்க வேண்டியதில்லை.

ஃபில்டரையும் மாற்றிப் புது ஆயில் ஊற்றியபின் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். புது ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர அது போதும். கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் ஆயில் கூலரில் ஓட்டை விழுந்து தண்ணீர் கலக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் வெறும் ஆயிலை மட்டும் மாற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வடித்த ஆயிலைக் கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. என்ஜின் அறை அடித்தண்ணீரோடு சேர்த்துக் கடலில் பம்ப் செய்துவிடுவது எளிதுதான். ஆனால் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் பவளமும் எதிரில்தான் இருக்கின்றன, நம் மீன் குஞ்சு பொரிப்பதும் அங்கேதான்.

உப்பை வெளியேற்றுதல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கடல்நீர் ஓடும் பாதை முழுவதையும் நன்னீரால் கழுவ வேண்டும். கடல்நீர் வால்வை மூடிவிட்டு, பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி நன்னீர் நிரம்பிய பீப்பாயில் விடுங்கள். என்ஜினை மெதுவாக ஓட்டினால் பம்பே நீரை இழுத்துக் கூலர் வழியாக வெளியே தள்ளும். பீப்பாய் காலியாகிவிடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரின்றி ஓடினால் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் சில நிமிடத்தில் கருகிவிடும்.

எவ்வளவு நேரம் கழுவுவது? ‘கொஞ்ச நேரம்’ என்பது அளவில்லை. இங்கேதான் டி.டி.எஸ். மீட்டர் உதவுகிறது. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. கழுவத் தொடங்கியதும் வெளியே வரும் நீரில் மீட்டரை வைத்தால் அதன் உச்ச அளவையும் தாண்டிப் போகும். பீப்பாயில் இருக்கும் நீரின் அளவும் வெளியே வரும் நீரின் அளவும் ஏறக்குறைய ஒன்றானால் உப்பு போய்விட்டது. அதோடு நின்றுவிடாமல் என்ஜினை அணைத்து ஒரு மணி நேரம் நீரை உள்ளேயே நிறுத்தி, மறுபடி கழுவி அளந்து பாருங்கள். கூலரின் மூலைமுடுக்கில் ஒட்டிய உப்பு அதற்குள் கரைந்து வந்து அளவை மீண்டும் ஏற்றியிருக்கும். இரண்டாவது முறையும் ஏறாமல் நின்றால்தான் வேலை முடிந்தது.

எந்தத் தண்ணீர் என்பதிலும் கவனம் வேண்டும். நம் கரையோரக் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பல இடத்தில் உவர்ப்பு. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு நீர் இல்லாத ஊரில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. கரையில் அதையும் தாண்டும் கிணறுகள் உண்டு. முதல் கழுவலுக்குக் கிணற்று நீர் போதும், கடல்நீரைவிட எவ்வளவோ மேல். கடைசிக் கழுவலுக்கு மட்டும் காவிரிக் குடிநீரோ ஆர்.ஓ. நீரோ ஒரு பீப்பாய் ஒதுக்குங்கள். வீட்டுக்குக் குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊரில் என்ஜினுக்கு ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரா என்று தோன்றும். ஒரு கூலரின் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கழுவி முடித்து, கீழே சொல்லும் கூலன்ட் ஓட்டமும் டீசல் கலவை ஓட்டமும் முடிந்த பிறகு, அடி பிளக்குகளைக் கழற்றி முழுவதும் வடியுங்கள். கூலரின் இரு முனை மூடிகளையும் திறந்து குழாய்களை மென்மையான பிரஷால் சுத்தம் செய்யுங்கள். பித்தளைப் பாகங்களில் செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துபோய் வெறும் செம்புக் கூடு நிற்கிறது. திருப்புளியால் லேசாகக் குத்தினாலே உதிரும். அதை இப்போதே மாற்ற வேண்டும். கூலருக்குள் இருக்கும் ஜிங்க் துண்டு பாதி கரைந்திருந்தால் புதியது போடுங்கள். ரப்பர் இம்பெல்லரைக் கழற்றி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பம்புக்குள்ளேயே விட்டால் அதன் இதழ்கள் மடிந்தபடியே இறுகிவிடும்.

கடல்நீரை வடிக்காமல் தேக்கி வைப்பதுதான் மிகக் கெட்டது. தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் ஒருவகைப் பாக்டீரியா பெருகி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். செம்பு கலந்த குழாய்களை அது அரித்துத் துளைத்துவிடும். ஜூனில் வால்வைத் திறந்ததும் அந்த நாற்றம் வந்தால் குழாய் சேதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

என்ஜினுக்குள் சுற்றும் நன்னீர்ப் பாதை வேறு கதை. அதை வடிக்காதீர்கள், விளிம்புவரை நிரப்பி வைக்க வேண்டும். பாதி நீரும் பாதிக் காற்றுமாக நின்றால் நீர்மட்டக் கோட்டில்தான் துரு தொடங்கும். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் என்றால் அதை மாற்றி, தயாராகக் கலந்து விற்கும் கூலன்டை நிரப்பி, ஒரு முறை சூடேறும்வரை ஓட்டிச் சுற்ற விடுங்கள். ‘நம் ஊரில் தண்ணீர் உறையவா போகிறது, கூலன்ட் எதற்கு?’ என்பார்கள். நமக்கு வேண்டியது அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துதான். படகுக்கு அடியில் குழாய் ஓடும் கீல் கூலர் வைத்திருப்பவர்களுக்குக் கடல்நீர் பம்ப் வேலை இல்லை; கூலன்டை மட்டும் பார்த்தால் போதும்.

என்ஜினின் வெளிப்புறத்தையும் ஈரத் துணியால், பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். பிரஷர் பம்பை டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் திருப்பாதீர்கள்.

டீசல் டேங்க்

டேங்க் ஒன்று முழுதாக நிறைந்திருக்க வேண்டும், இல்லை முழுதாகக் காலியாகச் சுத்தமாக இருக்க வேண்டும். பாதி டேங்க்தான் ஆபத்து. பகல் சூட்டில் விரியும் காற்று வெளியேறும். இரவில் சுருங்கும்போது ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் சுவரில் வியர்த்து அடியில் சேரும். டீசலும் நீரும் சந்திக்கும் அந்தக் கோட்டில்தான் கருப்புக் குழம்புபோல் கிருமிகள் வளர்ந்து, அமிலம் உண்டாக்கி, டேங்கின் அடித்தகட்டில் குழி பறிக்கும்.

விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, ஒரு நாள் ஆறவிட்டு, அடி வால்வைத் திறந்து சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள். கிருமி மருந்து கிடைத்தால் டப்பாவில் எழுதியுள்ள அளவு ஊற்றுங்கள். நிரப்பப் பணமில்லை, திருட்டு பயம் என்றால் டேங்கைக் காலி செய்து துடைத்து உலர்த்தி மூடுங்கள். அப்போதும் பம்பும் ஃபில்டரும் காயக்கூடாது. சிறிய கேனில் டீசலோடு பத்தில் ஒரு பங்கு துருத்தடுப்பு ஆயிலைக் கலந்து, அதில் என்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் பம்புக்கும் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்கும் அந்தக் கலவையே காவல். பழைய மெக்கானிக்கல் பம்ப் என்ஜின்களுக்கு மட்டுமே இது பொருந்தும். மின்னணு ஊசி அமைப்பு உள்ளவற்றுக்குக் கம்பெனிக் கையேட்டைப் பாருங்கள்.

சிலிண்டரும் சைலன்சரும்

என்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். மேலே வானத்தைப் பார்த்து நிற்கும் சைலன்சர் குழாய் வழியாக உப்புக் காற்றும் மழைச்சாரலும் நேராக அந்தச் சிலிண்டருக்குப் போகும். ஜூனில் என்ஜின் இறுகிக்கொண்டது என்று பட்டறைக்கு வந்து திறந்து பார்த்தால், ஆறு சிலிண்டரில் ஒன்றோ இரண்டோ மட்டும் துருப்பிடித்திருப்பதன் ரகசியம் இதுதான்.

நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் துருத்தடுப்பு ஆயிலைப் பீய்ச்சி, என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நாசில்களைத் திரும்பப் பூட்டுங்கள். அளவு முக்கியம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஒரு லிட்டர், அமுக்க விகிதம் 17 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 60 மில்லி சொச்சம்தான். அதற்குமேல் ஆயில் ஊற்றி ஸ்டார்ட்டர் போட்டால் ஆயில் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். 20 மில்லி போதும். ‘அதிகம் ஊற்றினால் அதிகப் பாதுகாப்பு’ என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. ராக்கர் மூடியைத் திறந்து வால்வு ஸ்பிரிங்குகள் மேலும் ஆயில் விடுங்கள்.

பிறகு ஏர் ஃபில்டர் வாய், சைலன்சர் வாய், ஆயில் மூச்சுக்குழாய் மூன்றையும் பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் கட்டுங்கள். சைலன்சரின் தாழ்வான இடத்தில் நீர் வடியும் பிளக் இருந்தால் அதைத் திறந்து வடித்துவிட்டு மூடுங்கள். வீ-பெல்ட்டுகளைத் தளர்த்துங்கள்.

எதையெல்லாம் மூடினீர்கள், கழற்றினீர்கள் என்று ஓர் அட்டையில் எழுதி ஸ்டார்ட் சாவியோடு சேர்த்துக் கட்டுங்கள். சாவியை எடுப்பவர் அட்டையைப் படித்தே ஆக வேண்டும். ஜூனில் என்ஜினைத் தொடுபவர் வேறு டிரைவராக இருக்கலாம்.

வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட்டலாமா?

கூடாது. கரையில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், தெரியும். ஆனால் சுமையில்லாமல் பத்து நிமிடம் ஓடும் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. டீசல் எரியும்போது பிறக்கும் நீராவி, குளிர்ந்த சிலிண்டர் சுவரில் நீராகப் படிந்து ஆயிலுக்குள் இறங்கும். அது ஆவியாகும் அளவு சூடேறுவதற்குள் நீங்கள் அணைத்துவிடுவீர்கள். வாரத்துக்கு ஒரு முறை உங்கள் கையாலேயே என்ஜினுக்குள் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கிறீர்கள். போதாததற்கு, சிலிண்டரில் பூசிய காப்பு ஆயிலும் எரிந்துபோகும். சுத்தம் செய்த கூலருக்குள் மறுபடி கடல்நீர் ஏறும்.

ஓட்டியே ஆக வேண்டும் என்றால், படகு மிதக்கும் நிலையில், கட்டுக்கயிறு உறுதியாக இருக்க, கியர் போட்டுச் சுமையோடு, சூடு வழக்கமான அளவுக்கு ஏறியபின்னும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். முடித்ததும் கடல்நீர்ப் பாதையை மறுபடி கழுவுங்கள். அவ்வளவு செய்ய மனமில்லாவிட்டால் என்ஜினை முழுதாகத் தூங்க விடுங்கள்.

அதற்குப் பதில் கையால் சுற்றுங்கள். முன் புல்லி நட்டில் நீண்ட ஸ்பேனரை மாட்டி, என்ஜின் ஓடும் திசையிலேயே இரண்டே கால் சுற்று. அந்தக் கால் சுற்றுதான் முக்கியம்: பேரிங்கும் பிஸ்டன் ரிங்கும் போன வாரம் நின்ற இடத்திலேயே மறுபடி நிற்கக்கூடாது. பெரிய கப்பல்களிலும் டர்னிங் கியர் வைத்து இதைத்தான் செய்கிறார்கள். அங்கே சுற்றும்போது ஆயில் பம்பும் ஓடும் என்பது மட்டுமே வித்தியாசம். சுற்றுவதற்கு முன் ஸ்டாப் லீவரை இழுத்து வையுங்கள். பேட்டரி கழற்றியிருக்க வேண்டும்.

மின்சாதனங்கள்

பேட்டரிகளைப் படகில் விடாமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். முழு சார்ஜில் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். நம் வெயிலில் தானாகவே இறங்கும், 12.4-க்குக் கீழே போனால் தகடுகளில் சல்பேட் படியத் தொடங்கும். மாதம் ஒரு முறை சார்ஜ் செய்யுங்கள், காற்றோட்டமான இடத்தில். முனைகளில் வாசலின் தடவுங்கள்.

டைனமோவையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கழற்றி வீட்டில் வைத்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு நாள் உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பையோடு பாலித்தீனில் சுற்றுங்கள். ஈரத்தோடு சுற்றினால் உள்ளேயே வேகும். கால்சியம் குளோரைடு ஈரம் உறிஞ்சியை உலோகத்துக்கு மேலே தொங்கவிடாதீர்கள். உறிஞ்சிய ஈரம் உப்புக்கரைசலாகச் சொட்டும்.

படகு கரையேறி, பாதுகாப்பான மின் இணைப்பும் காவலுக்கு ஆளும் இருந்தால் பழைய முறை ஒன்று உண்டு: என்ஜினுக்குப் பக்கத்தில் 60 வாட் குண்டு பல்பு. காற்றிலிருக்கும் ஈரத்தை அது குறைக்காது. ஆனால் 28 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 33 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 60 சதவீதமாக இறங்கிவிடும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அதில் சூடு மிகக் குறைவு. எண்ணெய்த் துணி, பெயின்ட், டீசல் எதுவும் பல்புக்கு அருகில் இருக்கக் கூடாது.

வின்ச், ஷாஃப்ட், அடிப்பாகம்

வலையை இழுக்கும் வின்ச்தான் படகிலேயே அதிகம் உப்பு குடிப்பது. நன்னீரால் கழுவி, உலர்த்தி, கிரீஸ் கன்னால் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கிப் புதுநிறம் தெரியும்வரை அடியுங்கள். வயர் ரோப்பை டிரம்மிலேயே விட்டால் அடிச்சுற்றுகள் காயவே காயாது. முழுவதும் அவிழ்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து, ஆயில் தோய்த்து, தரையில் படாமல் கட்டையின்மேல் சுற்றி வையுங்கள். ஹைட்ராலிக் ஸ்டியரிங் இருந்தால் சிலிண்டர் தண்டு உள்ளே இழுத்த நிலையில் நிற்கட்டும். வெளியே தெரியும் பகுதிக்குக் கிரீஸ்.

படகு கரையேறியிருந்தால் அடியில் ஒட்டி வளரும் சிப்பி போன்ற கொட்டலசைச் சுரண்டும்போது ஷாஃப்ட்டையும் புரொப்பல்லரையும் கூர்ந்து பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு ஷாஃப்ட் என்று நம்பி விடவேண்டாம்: கொட்டலசு ஒட்டிய இடத்துக்கு அடியிலும் ஷாஃப்ட்டைச் சுற்றி நீர் புகாமல் அடைக்கும் கிளாண்ட் பேக்கிங்குக்கு அடியிலும் நீர் தேங்கி, ஆக்சிஜன் கிடைக்காமல், ஊசிக்குழிகள் விழும். பழைய பேக்கிங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தை நன்னீரால் கழுவிக் கிரீஸ் தடவுங்கள். புதியதை ஜூனில் போடலாம். ஜிங்க் கட்டிகளை மாற்றுங்கள், அவற்றின்மேல் பெயின்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்பாகத்துக்கு அடிக்கும் வேகத்தில் ஜிங்க்குக்கும் சேர்த்து அடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பெயின்ட் மூடிய ஜிங்க் கரையாது, கரையாத ஜிங்க் எதையும் காக்காது. இன்னொன்று: ஜிங்க் நீருக்குள் இருக்கும்போதுதான் வேலை செய்யும். கரையேறிய படகுக்கு அது காவல் இல்லை; கழுவலும் பூச்சும்தான் காவல்.

வாராவாரம்

இரண்டு ஆள், அரை மணி நேரம். உள்ளே இறங்கும் முன் மூடிகளைத் திறந்து காற்றோடவிட்டுக் காத்திருங்கள். மூடிய இரும்பு அறையில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன் அறையிலும் அடித்தண்ணீரிலும் அழுகல் வாயு சேர்ந்திருக்கும். தனியாக இறங்க வேண்டாம். மேலே ஒருவர் நிற்கட்டும். கீழே ஒருவர் மயங்கி விழுந்தால் அவரும் பின்னாலேயே குதித்துவிடக் கூடாது.

காலை பத்து மணிக்குமேல், ஈரப்பத மீட்டரைப் பார்த்துக்கொண்டு காற்றோடவிடுங்கள். மாலை மூன்றரை, நான்குக்குள் மூடிவிடுங்கள். அந்திக்குப்பின் குளிர்ந்த உலோகத்தில் பனி வியர்க்கும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக வீசத் தொடங்கியபின் காற்று வரும் பக்கத்து மூடியைத் திறக்காதீர்கள், உப்புத்தூளை அள்ளிக்கொண்டு வரும். அடித்தண்ணீர் சேர்ந்திருந்தால் எடுங்கள், என்ஜினைச் சுற்றுங்கள், கட்டிய பாலித்தீன் கிழிந்திருக்கிறதா பாருங்கள், கடல்நீர் வால்வுகளை ஒருமுறை திறந்து மூடுங்கள். மிதக்கும் படகென்றால் அந்த வால்வு வேலைக்கு முன் கழற்றிய ஹோஸ் வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் துருவுக்கு முன் படகே போய்விடும்.

ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டர் ஆயிலை மறுபடி பீய்ச்சுங்கள். வி.சி.ஐ. எனப்படும் ஆவியாகிப் படியும் துருத்தடுப்புத் தாள், பைகளை ராக்கர் மூடிக்குள்ளும் மின்பெட்டிக்குள்ளும் வைக்கலாம்; மூடிய இடத்தில்தான் பலிக்கும். பெரிய கப்பல்களை நீண்ட காலம் நிறுத்தும்போது என்ஜின் அறையை மூடி, ஈரமுறிஞ்சும் இயந்திரம் வைத்து ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைப்பார்கள். நம் படகுக்கு அந்தச் செலவு கட்டாது. என்ஜினையே கழற்றிக் கரையில், கூரைக்குக் கீழே வைப்பது மலிவு.

வல்லத்தில் (சிறு படகில்) வெளியே பூட்டும் அவுட்போர்டு என்ஜினுக்கு வேலை குறைவு: நன்னீர் டிரம்மில் ஓட்டிக் கழுவுங்கள், பெட்ரோல் லைனைக் கழற்றி கார்புரேட்டர் காலியாகும்வரை ஓட விடுங்கள், கியர் ஆயிலை மாற்றுங்கள், நிமிர்த்தி வையுங்கள்.

மீண்டும் கடலுக்கு

ஜூன் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். கடைசி மூன்று நாளில் எல்லா மெக்கானிக்கும் எல்லாப் படகிலும் இருப்பார். அந்த அவசரத்தில் செய்யும் வேலைதான் முதல் நடையிலேயே கட்டி இழுத்து வரவைக்கும்.

சாவி அட்டையை வரிசையாகப் படித்து மூடிகளை எடுங்கள். இம்பெல்லர், பெல்ட், பேட்டரி, பேக்கிங் பூட்டுங்கள். ஆயில் குச்சியில் நீர்த்துளி இருக்கிறதா பாருங்கள். நாசில்களைக் கழற்றிக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் மிஞ்சிய ஆயில் வெளியே தெறிக்கும். முகத்தை நேரே வைக்காதீர்கள். நாசில்களைப் பூட்டி, டீசலை நிறுத்திய நிலையில் ஆயில் அழுத்த முள் எழும்வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். பிறகுதான் ஸ்டார்ட். அரை நிமிடத்துக்குள் கடல்நீர் வெளியே கொட்ட வேண்டும்; கொட்டவில்லை என்றால் உடனே அணையுங்கள். முதலில் வரும் வெள்ளைப் புகையும் நீலப் புகையும் காப்பு ஆயில் எரிவது, சற்று நேரத்தில் நின்றுவிடும்.

முதல் நடையைக் குறுகிய தூரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேக்கிங்கில் நீர் சொட்டுச் சொட்டாக விழலாம், ஒழுகக் கூடாது. கரைக்கு வந்ததும் டீசல் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டுங்கள். கருப்புச் சளியோ சிவந்த தூளோ விழுந்தால் டேங்கின் அடி சுத்தமாக இல்லை. அதை வடித்துக் கழுவிய பிறகே அடுத்த நடைக்கு டீசல் பிடியுங்கள்.